ஆறாம் மாடியில் ஒருவர்

இல்லை, கதவு எண்ணுவதில்லை. கதவுக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண் இருக்கிறது, அதுதான் எண்ணும். அது தலைகளை மட்டும்தான் பார்க்கும். முகம் தெரியாது, பெயர் தெரியாது. உள்ளே போகிற தலைக்கு ஒன்று கூட்டும், வெளியே வருகிற தலைக்கு ஒன்று கழிக்கும். மழை நாட்களில் அதற்குக் குழப்பம் வந்துவிடும். இரண்டு பேர் ஒரே குடைக்குள் வந்தால் ஒருவராகிவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அந்தக் கட்டடத்தின் கட்டுப்பாட்டு அறையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பத்து மாடி, எல்லாமே அலுவலகங்கள், வேலை நாளில் ஆயிரத்து நூறு பேர் வருவார்கள். புகை, வெப்பம், காற்று, தண்ணீர்க் கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் சென்சார்கள். எல்லாம் சேர்ந்து என் திரையில் வந்து நிற்கும். யாருமில்லாத அறையில் விளக்கு தானே அணையும். கூட்டம் நிறைந்த அறைக்குக் காற்று தானே அதிகமாகும். நான் உட்கார்ந்திருந்தது பின்பக்கம் தனியாக இருந்த ஓர் அறையில். அது கட்டடத்தின் கணக்கில் வராது. அதனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சைபர் வரும். ஒரு பெரிய விலங்கு கண் மூடுவது போல இருக்கும். அதற்காகவே நான் கொஞ்ச நேரம் தாமதமாகக் கிளம்புவேன்.

ஆனால் அந்தக் கண்ணை மாட்டியதே போன வருடம்தான், அதிலும் சைபர் தானாக வந்தது முதல் சில மாதங்கள்தான். பிறகு கண் பிசக ஆரம்பித்தது. எல்லோரும் போன பிறகும் மூன்று என்று நிற்கும், சில நாள் ஏழு. நான் ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். கழிப்பறைக் கதவுகளைக்கூடத் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் அப்படி ஏறி இறங்கிய பிறகு, மூடும் நேரத்தில் கையாலேயே சைபர் போட ஆரம்பித்தேன். ஒரே ஒரு பொத்தான். எட்டு மாதம் போட்டேன். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எங்கள் கட்டடம்தான் பிழையே இல்லாத கட்டடம். இன்னும் பதினொரு கட்டடங்களில் இதே முறையைக் கொண்டுவரப் போகிறோம், நீதான் பொறுப்பு என்று கடிதமும் வந்தது. அதை அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

இறந்துபோனவர் அக்காவின் கணவர். வேலை இடத்தில் எல்லோரும் அவரை ஏணி என்பார்கள். ஆளும் உயரம், தோளில் எப்போதும் ஒரு ஏணியும் இருக்கும். சென்சார் பொருத்தும் நிறுவனத்தில் இருந்தார். மற்றக் கட்டடங்களுக்குக் கொண்டுபோகும் முன் கண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள், அவரை அனுப்பச் சொல்லி நான்தான் கேட்டேன். சொந்தக்காரர், பெரிதாக எதையும் கிளற மாட்டார் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சிரித்தார்.

"ஏன் மாப்ள, எட்டு மாசமா ஒரு நாள் கூடத் தப்பாக் காட்டலயா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்றவனுக்குக் கொஞ்சமாவது கற்பனை வேணும்டா. நடுவுல ரெண்டு நாள் மூணு, நாலுன்னு விட்டிருந்தா நானே நம்பியிருப்பேன்."

அவர் என் முதுகில் தட்டினார்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. கண்ணு கெட்டுப்போச்சு, நீ சமாளிச்ச. அவ்வளவுதான?"

"ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"எழுதாம? திங்கக்கிழமை குடுக்கணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, உள்ள எத்தனை பேருன்னு இந்தத் திரையத்தான பாப்பாங்க? உங்க அக்காவே வந்து கால்ல விழுந்தாலும் எழுதுவேன். அவ விழ மாட்டா, அது வேற விஷயம்."

அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

மதியத்துக்குள் புதுக் கண்ணை மாட்டிவிட்டார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அவர் மட்டும் ஆறாம் மாடி வயர் அறையில் வேலை செய்யப்போவதாகச் சொன்னார். "நான் ஒருத்தன்தான் உள்ள இருப்பேன். உன் திரையில ஒண்ணு காட்டணும். காட்டிச்சுன்னா இன்னைக்குச் சாப்பாடு உன் செலவு" என்று சொல்லிவிட்டு ஏணியோடு போனார்.

இரண்டரைக்குத் திரையில் ஒன்று என்று இருந்தது. இரண்டு முப்பத்தொன்றுக்கு நான் சைபர் போட்டேன். பழக்கதோஷம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன்.

தீயை நான் வைக்கவில்லை. இதை நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. இரண்டாம் மாடியில் பேட்டரி அறை இருக்கிறது. மின்சாரம் போனால் கை கொடுக்க அடுக்கி வைத்தவை. அதில் ஒன்று சூடாகி வெடித்தது. இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் புகை சென்சார் சொன்னது. நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அதை நீங்கள் சரிபார்த்திருப்பீர்கள்.

கட்டடம் அப்போது என்ன செய்யும் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் படிக்கட்டுக் கதவுகளின் பூட்டு விடுபடும், படிக்கட்டில் புகை ஏறாமல் இருக்கப் பெரிய விசிறிகள் ஓடும். ஆள் இல்லையென்றால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும், விசிறிகள் நின்றுவிடும். காற்று கிடைக்காமல் தீ தானே சோர்ந்துபோகும். நல்ல ஏற்பாடுதான். எண் சைபரில் இருந்தது. கட்டடம் கதவுகளைப் பூட்டியது.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அவர் போன் செய்தார். நாற்பத்தெட்டு விநாடி. உங்கள் தாளில் நேரம் இருக்கும், பேச்சு இருக்காது. அதனால் சொல்கிறேன்.

"மாப்ள, படிக்கட்டுக் கதவு திறக்க மாட்டேங்குது. கீழருந்து புகை வருது. விசிறி ஏன் ஓடல?"

"பாக்குறேன் மாமா."

"சீக்கிரம்டா." இருமினார். பிறகு, "ஒண்ணு காட்டுதா?" என்று கேட்டார்.

"காட்டுது மாமா."

"அப்ப கதவு திறந்துரும். சரி, நான் வயர் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். அங்க சிக்னல் கிடைக்காது. நீ பாரு."

நான் பார்த்தேன். எண்ணை மறுபடி ஒன்றாக்க ஒரே ஒரு பொத்தான் போதும். ஆனால் பொத்தானை அழுத்தினால் பதிவில் விழும். சரியாக இருந்த எண்ணை இரண்டு முப்பத்தொன்றுக்கு ஒருவன் கையால் அழித்தான், இருபத்து நாலு நிமிடம் கழித்து அவனே திரும்பப் போட்டான் என்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதத்தையும் தோண்டுவார்கள். இந்த முறையையே தூக்கி எறிவார்கள். பன்னிரண்டு கட்டடங்கள், பத்தாயிரம் பேருக்கு மேல். பாதுகாப்பு என்பதை நான் எப்போதும் மொத்தமாகத்தான் யோசிப்பேன். தீயணைப்புக்காரர்கள் வந்தால் எப்படியும் மாடி மாடியாகத் தேடுவார்கள், அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மூன்று நாலுக்கு அக்கா போன் செய்தாள். யாரோ தீ என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, மாமா போன எடுக்க மாட்டேங்குறாருடா. உள்ளயா இருக்காரு?"

"உள்ள யாரும் இல்லக்கா. திரையில சைபர்தான் காட்டுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். எங்கயாவது கடைல நிப்பாரு."

"அப்பாடா" என்றாள். "சாப்பிடாமக் கூட உக்காந்திருப்ப. நீ பத்திரமா இரு." அவளுக்கு என் மீது எப்போதுமே நம்பிக்கை அதிகம்.

மூன்று எட்டுக்கு வண்டிகள் வந்தன. அதிகாரி நேராக என் அறைக்கு வந்து உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டார். ஒரு தடவை ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை வேறொன்றைச் சொல்வது எப்படி? அவர் திரையைப் பார்த்தார், தலையாட்டினார். ஆட்களை மேலே அனுப்பவில்லை. ஆள் இல்லாத கட்டடத்துக்காக ஆட்களை இழக்க முடியாது, அவர் செய்தது சரிதான். தீ இரண்டாம் மாடியைத் தாண்டவில்லை. புகைதான் ஏறியது.

நாலரை மணிக்கு, எல்லாம் அணைந்த பிறகு, ஒன்பது பேர் சுற்றிப் பார்க்க உள்ளே போனார்கள். புதுக் கண் சரியாக ஒன்பது எண்ணியது. அவர்கள் திரும்பி வந்தபோது அது பத்துத் தலைகளைக் கழித்தது. அவர் படுத்த நிலையில்தான் வந்தார், ஆனாலும் கண் விடவில்லை. அத்தனை நேர்த்தியாக மாட்டியிருந்தார்.

அதிகாரி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இது என்ன மைனஸ் ஒண்ணு?" என்று கேட்டார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள்.

பழக்கதோஷம் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டரை மணிக்குத் திரையில் ஒன்றைப் பார்த்தேன். அது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக எண் சரியாக இருந்தது, அதை அவர் சரியாக்கியிருந்தார், வந்து சிரிக்கப் போகிறார். அதனால் அழித்தேன். போன் வந்த பிறகு நான் தவறி எதையும் செய்யவில்லை. அவர் வெளியே வந்தால் எழுதுவார், வராவிட்டால் எழுத மாட்டார். அதை நன்றாக யோசித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா இங்கே வந்ததாகவும், ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாகவும் நேற்று சொன்னீர்கள். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா என்று. மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றீர்கள். என்னால் முடியும். அந்த வயர் அறையில் காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மூச்சு விட்டால் அதில் தெரியும். இரண்டு ஐம்பத்தெட்டிலிருந்து திரையில் ஒரு கோடு மெல்ல ஏறிக்கொண்டே போனது. பதறுகிறவர்களின் கோடு செங்குத்தாக ஏறும். அவருடையது இரண்டே இடங்களில்தான் அப்படி ஏறியது, மற்றபடி குன்றின் சரிவு மாதிரி சீராக இருந்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு அது நின்றது. நாற்பது நிமிடம். அக்காவிடம் பேசியபோதும், அதிகாரிக்குப் பதில் சொன்னபோதும் நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அவர் தனியாக இருந்தார் என்று அக்கா நினைத்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவளை வாட்டும், எனக்கு அவளைத் தெரியும். அவர் தனியாக இல்லை, கடைசி வரைக்கும் நான் அவரோடு இருந்தேன். அந்தக் கோட்டை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தால் அவளுக்குப் புரியாது, பக்கத்தில் உட்கார்ந்து யாராவது விளக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். அவளை இங்கே அழைத்து வருவீர்களா?