வந்துகொண்டே இருக்கிறார்

உங்கள் போன் அடிக்கிறது, சார். எடுத்துப் பேசுங்கள், நான் காத்திருக்கிறேன். ஒருவர் நம்மைத் தேடிக் கூப்பிடும்போது எடுக்காமல் விடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். என் கைக்கு வந்த அழைப்பு எதையும் நான் எடுக்காமல் விட்டதில்லை. இந்த வழக்கில் அதை நீங்கள் முதலில் எழுதிக்கொண்டால் நல்லது.

நான் செல்போன் பழுது பார்க்கிறவன். கடைத்தெருவின் கோடியில், ஜெராக்ஸ் கடைக்கும் பூட்டியே கிடக்கும் ஒரு ஷட்டருக்கும் நடுவில் என் கடை. உடைந்த திரை மாற்றுவேன், சார்ஜ் ஏறாத போனுக்கு உயிர் கொடுப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த நேரத்தில்தான் நாங்கள் நாலு பேரும் போனில் விளையாடுவோம்.

நாலு பேர் என்றால் என்னையும் சேர்த்து. நீங்கள் உள்ளே வைத்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன். எதிர்வரிசை டெய்லர் அண்ணன் ஒருவர். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன் ஒருவன், அவனை நாங்கள் மாத்திரை என்று கூப்பிடுவோம். எல்லோரும் அவரவர் வேலை இடத்திலேயே உட்கார்ந்திருப்போம், ஆட்டத்துக்குள் ஒன்று சேர்வோம். தீவு ஒன்றில் இறங்கி, மற்ற கூட்டங்களைச் சுட்டு, கடைசிவரை தப்பிப் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? இந்த நாலு பேரை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டெய்லர் அண்ணன் போனில் இடமே இல்லை. திறந்து பார்த்தால் காலை வணக்கப் படங்கள், பூவும் சூரியனுமாக ஆயிரக்கணக்கில். "ஒன்னையும் அழிக்காத தம்பி, எல்லாம் தெரிஞ்சவங்க அனுப்பினது" என்று கெஞ்சினார். அவர் வீட்டுக்காரியே அவருக்கு ஒன்றும் அனுப்பியதில்லை என்பது பிறகு தெரிந்தது. மாத்திரை, ஆட்டத்துக்குள் நாங்கள் சேரும் அறையின் எண்ணைத் தப்பும் தவறுமாக அடித்து, யாரோ முன்பின் தெரியாத கூட்டத்தில் போய் உட்கார்ந்து, அங்கே அரை மணி நேரம் எங்களைத் தேடினான். லிஃப்ட்காரன் போனில் ஆட்டம் பழைய பதிப்பு, எங்களுடையது புதியது. ஒவ்வொருவர் போனையும் வாங்கி, இடம் உண்டாக்கி, ஆட்டத்தை ஏற்றி, மைக் சரிபார்த்து, பெயர் வைத்து, அறை திறந்து கொடுத்தது நான். எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நாலு பேர் இருந்தே ஆக வேண்டும். மூன்று பேர் வந்தால் அந்த ஆட்டம் நாலாவது இடத்தில் தானாகவே ஒரு அந்நியனை ஏற்றிவிடும். அவன் நம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நம்மையே விட்டுவிட்டு ஓடுவான். அந்த வயிற்றெரிச்சலைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது போன் வந்தால் ஆட்டம் அறுந்துவிடும். அவனுடைய வீரன் நட்ட கம்பம் மாதிரி நிற்பான், யாராவது வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். டெய்லர் அண்ணனை மட்டும் அவர் மனைவி எத்தனை முறை கொன்றிருக்கிறார் என்று கணக்கே இல்லை. தக்காளி வாங்கணுமா என்று கேட்பதற்காக ஒரு மனிதன் பாலத்துக்கு நடுவில் சாக வேண்டுமா, சொல்லுங்கள்.

அழைப்புகளை மொத்தமாகத் தடுத்துப் பார்த்தோம். அதுவும் ஒத்துவரவில்லை. ஆட்டம் முடிந்து பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும், வீட்டில் பூகம்பம். ஒருநாள் டெய்லர் அண்ணன் கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்றைக் கோட்டைவிட்டார். "நான் விலகிக்கிறேன் தம்பி, இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். என் கடை மேஜையில் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. மூன்று பேருக்கும் வரும் அழைப்புகள் அந்த போனுக்குத் திரும்பி வரும்படி வைத்தேன். அவர்கள் ஒன்றும் கஷ்டப்பட வேண்டாம். ஆளுக்கு இரண்டு எண்களைப் பதிந்து கொடுத்தேன், ஒன்றின் பெயர் 'ஆட்டம்', இன்னொன்றின் பெயர் 'வீடு'. ஆட்டத்தை அழுத்தினால் அவர்கள் அழைப்பெல்லாம் என்னிடம் வரும். முடிந்ததும் வீட்டை அழுத்தினால் பழையபடி அவர்களுக்கே போகும். பட்டன் போன் தானாகவே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படி வைத்து, அதன் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொள்வேன். இன்னொரு காதில் ஆட்டம். அழைப்பு வந்தால் ஆட்டத்தின் மைக்கை மூடிவிட்டுப் பேசுவேன். முக்கியமாக இருந்தால் உடனே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எது முக்கியம் என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர்களாகவே என்னிடம் விட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அழைப்புகள் பிடித்துப்போயின. என் போனுக்கு வருகிறவர்கள் திரை மாற்ற என்ன ஆகும் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டில் எனக்கென்று யாரும் இல்லை. பட்டன் போனில் அப்படி இல்லை. மாத்திரையின் அம்மா, "சாப்பிட்டியாப்பா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்பார். டெய்லர் அண்ணன் மனைவி தன் ஒற்றைத் தலைவலியைப் பற்றி என்னிடம் சொன்ன அளவுக்கு டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். "உங்க அண்ணனுக்கு இதெல்லாம் எங்க காதுல விழுது" என்று முடிப்பார். ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த போன் சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும்.

லிஃப்ட்காரனுக்கு வருபவை வேறு மாதிரி. அவன் எண் ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் நேராக அதற்கு அடிப்பார்கள். பயந்த குரல்கள். முதலில் எனக்குத் தடுமாற்றமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஃபேன் ஸ்விட்சைப் போடுங்கள், கதவைத் தள்ளாதீர்கள், கீழே உட்காருங்கள். கடைசியில் ஒரு வாக்கியம் சொல்வேன்: "அவர் வந்துட்டே இருக்கார்." அதைக் கேட்டதும் குரல் இறங்குவது தெரியும். மாத்திரையின் கடையில்கூட அவ்வளவு வேகமாக வேலை செய்யும் மருந்து கிடையாது. பெரும்பாலும் ஆட்டம் முடிவதற்குள் வாட்ச்மேன் யாராவது கதவைத் திறந்து இறக்கிவிடுவார். இல்லாவிட்டால் முடிந்ததும் இவனை அனுப்புவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த டியூஷன் டீச்சரும் குறை சொல்லவில்லை.

முதல் முறை கூப்பிட்டபோது நாங்கள் அப்போதுதான் தீவில் இறங்கியிருந்தோம். மிகவும் மரியாதையாகப் பேசினார். நாலாவது மாடியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறாராம், பாதியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். "வாட்ச்மேன் இன்னிக்கு லீவு போலிருக்கு. பெல்லை அடிச்சுப் பார்த்துட்டேன், யாரும் வரல. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். அவங்க வந்தா கதவை உடைச்சிடுவாங்க. நம்ம ஆள் கிளம்பிட்டாரு, வந்துட்டே இருக்கார்" என்றேன்.

"அப்போ சரி சார். எனக்குக் கொஞ்சம் வீசிங் இருக்கு. மருந்தைக் கீழ வண்டியிலேயே விட்டுட்டேன். அதான் கேட்டேன்."

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிஃப்ட்காரன் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்துதான் விளையாடிக்கொண்டிருந்தான். சொல்லியிருந்தால் ஓடியிருப்பான், அவன் அப்படிப்பட்டவன். ஆனால் அவன் போனால் அவன் இடத்தில் ஒரு வீரன் சும்மா நிற்பான், மற்ற மூன்று பேரும் அவனால் மாட்டுவோம். ஒருவருக்காக மூன்று பேரை விட்டுக்கொடுப்பது நியாயமாகத் தெரியவில்லை. நான் டீமைப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவர் பேச்சு துண்டு துண்டாக வந்தது. மூச்சு இழுப்பது எனக்கே கேட்டது. "இன்னும்... எவ்வளவு நேரம் சார்?"

"தெருமுனைக்கு வந்துட்டாரு மேடம். நீங்க பேசாதீங்க, பேசினா இன்னும் மூச்சு வாங்கும். யாருக்கும் போன் பண்ணி அலட்டிக்காதீங்க" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு அவர் வேறு யாரிடமும் பேசவில்லை என்று அவருடைய போனைப் பார்த்து நீங்களே சொன்னீர்கள். நான் சொன்னதை அப்படியே செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. போன் தானாக எடுத்துக்கொண்டது, மூச்சு மட்டும் வந்தது. "வந்துட்டே இருக்கார் மேடம்" என்றேன்.

சாயங்காலம், மூன்றாவது மாடிக்காரர் வேலையிலிருந்து திரும்பி வந்து லிஃப்ட் நிற்பதைப் பார்த்திருக்கிறார். லிஃப்ட்காரனைக் கூப்பிட்டார். அதற்குள் அவன் 'வீடு' அழுத்தியிருந்தான், அழைப்பு அவனுக்கே போனது. கதவைத் திறந்து டீச்சரின் உடலை முதலில் பார்த்ததும் அவன்தான். நேராக என் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையெல்லாம் கிரீஸ், அதைத் துடைக்கக்கூட மறந்திருந்தான்.

"மதியம் எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

"இல்லையே" என்றேன்.

"நீ சொன்னா சரிடா. வந்திருந்தா நீ சொல்லாம இருப்பியா" என்று சொல்லிவிட்டுப் போனான். இத்தனை நாளும் உங்களிடம் அவன் "எனக்குப் போனே வரல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானே, பொய் சொல்கிறான் என்று நீங்கள் அடித்தீர்களோ என்னவோ எனக்குத் தெரியாது. அவன் சொன்னது என் வார்த்தையை. என் பெயரை அவன் இழுக்கவில்லை பாருங்கள். நண்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

போன் கம்பெனியின் பதிவு வந்தால் எல்லாம் உங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். அதற்காகப் பயந்து நான் வரவில்லை. அவனை நீங்கள் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து ஆட்டம் சரியில்லை. அந்நியர்களை வைத்து ஒப்பேற்றிப் பார்த்தேன், முடியவில்லை. டெய்லர் அண்ணன் ஆட்டத்தையே அழித்துவிட்டார், அந்தக் காலை வணக்கப் படங்களை மட்டும் வைத்திருக்கிறார். மாத்திரை என்னைக் கண்டால் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறான். பட்டன் போன் அடிப்பதே இல்லை. அவன் வெளியே வந்தால் எல்லோரும் பழையபடி சேர்ந்துவிடுவார்கள். அதனால்தான் நானே வந்து சொல்கிறேன். அறை திறக்க நான் இருக்க மாட்டேனே என்று கேட்கிறீர்களா? அதை யோசிக்கவில்லை. இங்கே போன் உள்ளே விடுவீர்களா, சார்?

சரி, எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது அழைப்பு வந்தபோது ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

அப்போது மற்ற மூன்று பேரும் செத்துவிட்டிருந்தார்கள். ஆட்டத்தில் செத்ததைச் சொல்கிறேன். லிஃப்ட்காரன்தான் முதலில் போனான். இரண்டாவது அழைப்புக்கு முன்பே அவன் அவுட். செத்தவர்கள் வெளியே போகலாம், இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும் கூட்டாளி விளையாடுவதைத் தங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்று மூலையில் ஒரு சின்னக் கண் படம் காட்டும். நான் சுமாராக விளையாடுகிறவன், சார். எப்போதும் முதலில் செத்து, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அன்றைக்கு அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. "விடாதடா, இடது பக்கம், மரத்துக்குப் பின்னாடி" என்று லிஃப்ட்காரன் எனக்காகக் கத்திக்கொண்டிருந்தான். அவனை அனுப்பியிருந்தால் அது இரண்டாகியிருக்கும்.

ஜெயித்தேன். ஒரு காதில் மூன்று பேரும் போட்ட கூச்சல் அடங்க வெகு நேரம் ஆனது. இன்னொரு காதில் சத்தமே இல்லை, ஆனால் அவர் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. நானாகத் துண்டிப்பது மரியாதையில்லை என்று அப்படியே விட்டுவைத்தேன்.

நீங்கள் அவனை வெளியே விடும்போது மற்றதையெல்லாம் சொல்லுங்கள். அப்போது அவன் ஏற்கெனவே அவுட் ஆகியிருந்தான் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். டீமுக்காகத்தான் செய்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.