கயிற்றுக்குப் போட்ட பூஜ்யம்

சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். கற்பூரம் ஏற்றி அணைத்தே சத்தியம் செய்திருப்பேன். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டது. எனக்கு வயது எழுபத்தொன்று, பெயர் அய்யாவு. காலையில் இரண்டு ரொட்டி சானாய், பால் சேர்க்காத தேநீர் ஒரு தே ஓ. அதற்குப் பிறகு யாருக்கும் தொந்தரவில்லாத ஆள்.

முப்பது வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை. என் கையில் இருந்தவரை ஒரே ஒரு கயிறுதான் அறுந்தது. அந்த லிஃப்ட்டும் மேல்நோக்கித்தான் போனது.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் மாசாயில் என் பக்கத்து வீட்டுக்காரன் ஜெயபாலன். மனைவி தவறிவிட்டாள், ஒரே மகள் சுபத்திரா பெர்த்தில். போன மார்ச்சில் அவளுக்கு நோய் முற்றிவிட்டது. "அப்பாவ கூட்டிட்டு வாங்க, அங்கிள்," என்று எனக்குத்தான் போன் செய்தாள். டிக்கெட் இரண்டும் அவளே அனுப்பினாள். இரண்டாவது எனக்கு, அவனுக்குத் துணையாக.

செனாய் விமான நிலையத்தில் சிக்கல். உள்ளே போகும் நேரத்தில் ஜெயபாலன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தான். காவலர்கள் மூன்று பேர் இழுத்தார்கள். தூண்தான் கொஞ்சம் சாய்ந்தது. விமானப் பயம் அப்படித்தான். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கால் வேர்த்துச் செருப்பு வழுக்கும். வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் சொல்லாமல் இறங்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில்தானே நின்றேன்.

விமானம் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஜெயபாலன் என் கணினியில் இருக்கும், கப்பல் தளத்தில் விமானம் இறக்கும் விளையாட்டை நினைவுபடுத்தினான்.

"கப்பல் மேல ஒரு தடவ இறக்கிட்டா பயம் செத்துரும்லா. அன்னிக்கே டிக்கெட்டு."

போர் விமானம் வேண்டாம், நாம் ஏறப்போகும் அதே பயணி விமானம்தான் வேண்டும் என்றான். பயணி விமானத்துக்குக் கொக்கி ஏது? அதன் கோப்பைத் திறந்து நானே எழுதிச் சேர்த்தேன்: வாலில் தொங்கும் கொக்கியின் நீளம், அது இருக்கும் இடம், கடைசியில் கயிற்றின் பலம். கப்பல் தளத்தின் குறுக்கே கயிறு கிடக்கும். கொக்கி மாட்டிக் கயிறு பிடித்தால் விமானம் நிற்கும், பிடிக்காவிட்டால் கடல்.

இடத்தைத் தப்பாகப் போட்டு ஒரு வாரம் கொக்கி மூக்கில் தொங்கியது. பலத்துக்கு மூன்று என்று போட்டதில் விமானம் கப்பலையே இழுத்துக்கொண்டு சிங்கப்பூர் வரை போய்விட்டது. குடிநுழைவுத் துறை மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. ஒன்று என்று போட்டேன். கொக்கி மாட்டியது, கயிறு பிடித்தது, விமானம் அழகாக நின்றது.

அப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

காரணம் நியாயமானது. பயம் போகாத ஒருவரை ஏற்றினால் நடுவானில் நெஞ்சு நின்றுவிடும். சந்தேகம் இருக்கும் லிஃப்ட்டில் ஆள் ஏற்றக் கூடாது.

புது வண்டிக்கு வைப்பதுபோல் நாற்காலிச் சக்கரங்களுக்கு அடியில் ஜெயபாலன் எலுமிச்சம்பழம் வைத்தான். ஐந்து சக்கரம், ஐந்து பழம், ஒவ்வொன்றாகத் தடவித் தடவி. நாற்காலியை உருட்டி நசுக்கிவிட்டு ஆரம்பித்தோம்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு. திரையைப் பார்க்க அவனுக்குப் பயம்; பார்க்காமலே நேராகக் கொண்டுவந்து இறக்குவான், அப்படி ஒரு கை. கொக்கி கயிற்றைத் தொடும். கயிறு பிடிக்காது. விமானம் விளிம்பைத் தாண்டி ஓடும். ஒலிபெருக்கியில் தண்ணீர்ச் சத்தம்.

"அய்யாவு, புடிச்சிச்சா?"

"இல்லடா."

"அலமாக். நாளைக்குப் பாப்போம். புள்ள காத்துக்கிட்டு இருக்குலா." என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவான்.

இப்படி நாற்பத்தேழு நாள். சுபத்திரா வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். ஒவ்வொரு வாரமும் குரல் மெலிந்தது. "அப்பா எப்ப வருவாங்க, அங்கிள்?"

"பயிற்சி நடக்குதும்மா," என்பேன். அதில் பொய் இல்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் அவள் கணவன் ரவீந்திரன் கூப்பிட்டான். "முடிஞ்சிருச்சு, அங்கிள். மாமாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன். இனிமேல் பிடித்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. விமானம் இறங்கியது. தண்ணீர்ச் சத்தம் வரவில்லை.

ஜெயபாலன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைத் தடவிப் பார்த்து அழுதான்.

"புடிச்சிருச்சுலா. நாளைக்கே போலாம் என்னா? புள்ளைக்குப் போனப் போடு."

போனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. "தூங்குதாம்டா," என்றேன்.

இன்றோடு நான்கு நாளாக அவள் தூங்குகிறாள். ஜெயபாலன் பெட்டியைக் கட்டி என் கூடத்தில் வைத்துவிட்டான். ரவீந்திரன் கூப்பிடும்போதெல்லாம் போனின் வாயைப் பொத்துகிறேன். ஜெயபாலன் என் கேட்டைத் தட்டினால் உள்ளங்கால் வேர்க்கிறது. வயிற்றுக்குள் அந்த லிஃப்ட் இறங்குகிறது, தரை வருவதே இல்லை.

நான் செய்தது ஒரு எண்ணை மாற்றியது மட்டும். தூணைக் கட்டிப்பிடித்தவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன். திரையைப் பார்க்கப் பயந்தவனும் அவன்தான்.

சர்க்கரை நோயில் ஜெயபாலனுக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம் ஆகிறது.