கசங்கக் கூடாதுன்னு

அக்கா: என்னடி, இன்னுமா பார்டர் தாண்டல நீ? கேட்டுக்குள்ள விட்டு எவ்வளவு நேரமாச்சு!

தங்கச்சி: தனியா ஒரு பெஞ்சில உக்கார வெச்சிருக்காங்க. கத்தாத... எல்லாரும் பாக்கறாங்க.

அக்கா: தனியாவா? எதுக்கு? விசா சரியாத்தானே இருக்கு?

தங்கச்சி: விசா இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. அந்தக் காலேஜ் பேப்பர்தான்... "இவ எங்க ஸ்டூடண்ட், பக்கத்து நாட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரலாம்"னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்கள்ல, அது.

அக்கா: அதான் பத்திரமா குடுத்தனுப்பினோமே!

தங்கச்சி: ரொம்பப் பத்திரமா! உன் வீட்டுக்காரர் அதை லேமினேட் பண்ணிட்டாரு.

அக்கா: ...ஆமா. கசங்கக் கூடாதுன்னு...

தங்கச்சி: அதுமேல சீல் குத்தணுமாம். குத்தினா வழுக்குது. ஆபீசர் விரலால தேய்ச்சுப் பாக்கறாரு, அப்படியே அழிஞ்சு போகுது. கையெழுத்து அசலா, ஜெராக்ஸான்னு வேற சந்தேகம்.

அக்கா: ஓரத்தை வெட்டிப் பிரிச்சா?

தங்கச்சி: கையெழுத்தும் சேர்ந்து உரிஞ்சு வந்துடும். அந்த மனுஷன் எதைத்தான் விட்டாரு? கரண்ட் பில்லு, தடுப்பூசி அட்டை... நல்லவேளை, உன் பாப்பாவை விட்டாரே!

அக்கா: மெதுவாப் பேசுடி!

தங்கச்சி: ஏன், மாமா வீட்லயா இருக்காரு?

அக்கா: இல்ல... கடைக்குப் போயிருக்காரு. நான் பால் காய்ச்சிட்டு இருக்கேன். சரி, இப்ப என்ன பண்றது?

தங்கச்சி: காலேஜ் ஆபீஸ் மேடத்துக்குப் போன் போட்டேன். புதுசா கையெழுத்துப் போட்டு ஆபீசருக்கே மெயில் அனுப்பறேன்னாங்க. ஆனா ஆபீஸ் மூடற நேரம். வரலன்னா... திருப்பி அனுப்பிடுவாங்கக்கா. நாளைக்குப் பரீட்சை. விட்டா இந்த வருஷமே போச்சு.

அக்கா: அதுக்குத்தான் இப்ப வராதடின்னு சொன்னேன்.

தங்கச்சி: பொய்! "புள்ளையப் பெத்து வெச்சுட்டு ஒத்தையா கிடக்கேன், வந்து ஒரு எட்டு பாருடி"ன்னு போன்ல அழுதது யாரு?

அக்கா: அழுதா உடனே பஸ் ஏறிடுவியா?

தங்கச்சி: ஏறுவேன். எத்தனை தடவை வேணா ஏறுவேன்... அது என்ன ஹார்ன்?

அக்கா: தெருவுல ஏதோ லாரி.

தங்கச்சி: உங்க சந்துக்குள்ள லாரியா? இரு இரு, கூப்பிடறாங்க. போனை வெச்சுடாத.

அக்கா: வைக்கல, போ. சிரிச்ச முகமா பேசு. ரொம்பவும் சிரிக்காத, சந்தேகப்படுவாங்க...

தங்கச்சி: ...

அக்கா: ஏய்... இருக்கியா?... என்னடி ஆச்சு?

தங்கச்சி: அக்கா...

அக்கா: சொல்லித் தொலையேன்!

தங்கச்சி: குத்திட்டாங்க! சீல் பளிச்சுன்னு விழுந்திருக்கு! மெயில் வந்துச்சு, அவங்களே பிரிண்ட் எடுத்துட்டாங்க. ஆபீசர் சிரிச்சுட்டே சொல்றாரு, "இதையாவது யார் கையிலயும் குடுத்துடாதம்மா"ன்னு.

அக்கா: அப்பாடா... போன உயிர் இப்பதான் திரும்பி வந்துச்சு. ஓடு ஓடு, கடைசி பஸ்ஸு. மழை வேற வலுக்குது, குடையை விரி.

தங்கச்சி: ...அக்கா.

அக்கா: என்ன?

தங்கச்சி: இங்க மழை பெய்யறது, எங்கேயோ அடுப்படியில பால் காய்ச்சறவளுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: அது வந்து... டிவியில...

தங்கச்சி: டிவியிலயா? அப்ப அந்த லாரி ஹார்னும் இங்கதானா? போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா நீ? மாமாகிட்ட குடு.

மாமா: கேட்டுக்கு வெளியிலதான் நிக்கறோம் சின்னவளே. பாப்பா பின் சீட்ல தூங்குது. உன்னைத் திருப்பி அனுப்பிட்டா மழையில தனியா நிப்பியேன்னு வண்டியை எடுக்கவே மனசு வரல... நீ திட்டினதெல்லாம் ஒண்ணு விடாம கேட்டேன், அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பஸ்ல உக்காந்துட்டுச் சொல்லு, அப்பதான் நான் சாவியைத் திருகுவேன்.