காலி கேஜின் பாரம்

மாரிக்குப்பம் ரயிலில் எனக்கு எதிரே இருவர். ஒருவர் சுரங்கத்தில் மின்சாரக் கணக்குப் பார்ப்பவர். மற்றவர், சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜின் மோட்டாரை ஓட்டுபவர்.

“காலி கேஜ் மேல வர இன்னாண்ணா இவ்ளோ கரண்ட் சாப்புடுது?” என்றார் கணக்குக்காரர்.

“மோட்டாருக்குப் பசி போல.”

“வெளையாடாதீங்க. யூனிட்ட ஆள் கணக்கா மாத்திப் பார்த்தேன். ஆறு பேர் பாரம் வருது.”

மோட்டார்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

“பாறை இடிஞ்சி உள்ள மாட்னவங்க ஆறு பேரு. என் தம்பியும் அதுல. இன்னும் யாரோட ஒடம்பையும் எடுக்கல.”

“வர்ற வருசத்துக்கு எவ்ளோ கரண்ட் வேணும்னு எழுதணும். அந்த ஆறு பேர் பாரத்த கழிச்சிடட்டுமா?”

“வாணாம்பா. கரண்ட் கொறைஞ்சா அவன் பாதியிலயே நின்னுடுவான்.”

கோரமண்டல் ஸ்டேஷனில் வண்டி நின்றது. யாரும் ஏறவில்லை. இருவரும் நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்கள்.