மெத்தைக்கு அடியில் பக்ஸா காடு

ஜலஜா: ஐயோ, கட்டில்லயே உக்காந்துட்டேளா...

சந்தானம்: நாற்காலியெல்லாம் கூடத்துக்குப் போயிடுத்து. அஞ்சு நிமிஷம் பொண்ணோட பேசிட்டு வாங்கோன்னு உங்கப்பாதான் அனுப்பினார். எழுந்துக்கட்டுமா?

ஜலஜா: வேண்டாம், வேண்டாம். எழுந்தா நகந்துடும்.

சந்தானம்: எது?

ஜலஜா: ...மெத்தை. பழசு.

சந்தானம்: பொண்ணு பார்க்க வந்த இடத்துல மெத்தைக்குக் காவல் இருக்கறது நான் ஒருத்தன்தான். சரி... ஒண்ணு கேக்கலாமா?

ஜலஜா: ம்.

சந்தானம்: ஷிப்பூர் ஹெர்பேரியத்துல செடி கொடி சேகரிக்கற வேலையை நீங்க விட்டுட்டதா உங்கப்பா சொன்னார். நிஜமாவா?

ஜலஜா: விட்டுட்டேன். மாட்டுப்பொண் வேலைக்குப் போறது உங்காத்துல பிடிக்காதாமே.

சந்தானம்: அம்மாவுக்குப் பிடிக்காது. அப்ப... முழுசா விட்டாச்சு.

ஜலஜா: அதுக்கு ஏன் உங்க முகம் சுண்டிப்போறது?

சந்தானம்: ஒண்ணுமில்லை. கீழே என்னமோ மொறமொறங்கறதே...

ஜலஜா: ஐயோ, மெத்தையைத் தூக்காதீங்கோ.

சந்தானம்: பெங்காலிப் பேப்பர்னா இது. கட்டுக்கட்டா. நடுவுல... பூவா?

ஜலஜா: தொடாதீங்கோ, இதழ் ஒட்டிண்டு வந்துடும். பக்ஸா காட்டுல மரத்தடியில பூக்கறது. அழுத்திக் காயவைக்கற பலகையை நீங்க வரேள்னு அப்பா பரண்ல ஏத்திட்டார். அதான் மெத்தைக்கு அடியில... உங்க வெயிட்டும் நன்னாத்தான் இருக்கு.

சந்தானம்: வேலையை விட்டவா எதுக்குப் பூவைக் காயவைக்கணும்?

ஜலஜா: மெதுவா... அப்பா கூடத்துல இருக்கார்.

சந்தானம்: சொல்லுங்கோ. கூடத்துக்குக் கேக்காது.

ஜலஜா: விடலை. விடவும் மாட்டேன். போன வாரம்தான் காட்டுலேர்ந்து திரும்பி வந்தேன். அப்பா சொன்ன பொய்க்கு நானும் தலையாட்டினேன், பயமா இருந்தது. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்கோ.

சந்தானம்: அப்பாடா.

ஜலஜா: என்ன அப்பாடா?

சந்தானம்: இருங்கோ, சொல்றேன். இதைக் காயவைக்கறது கஷ்டமா?

ஜலஜா: ஈரமான பேப்பரை எடுத்துட்டு உலர்ந்ததை வச்சுண்டே இருக்கணும். கொஞ்சம் விட்டாலும் இந்த ஊர் ஈரக்காத்துக்குப் பூசணம் பூத்துடும். காஞ்சாத்தான் தாள்ல ஒட்டி ஹெர்பேரியத்துல வைப்பா. பகல்ல நான் ஆபீஸ்ல. சாயங்காலம் வந்து பார்த்தா ஓரமெல்லாம் கறுத்திருக்கு.

சந்தானம்: பகல்ல ஆத்துல யாராவது இருந்து மாத்தினா?

ஜலஜா: தேவலைதான். யார் இருக்கா? நீங்களா? இஞ்சினியர், லீவு போட்டுட்டுப் பேப்பர் மாத்துவேளாக்கும்.

சந்தானம்: லீவு எதுக்கு? எங்க ஃபாக்டரியை லாக்-அவுட்னு மூடி நாலு மாசமாறது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தினம் டிபன் டப்பாவோட கிளம்பி, லேக் கரை பெஞ்சுலதான் உக்காந்திண்டிருக்கேன்... பேப்பரை நான் மாத்தறேன்.