சோலையம்மாளின் பென்டிரைவ்

மணி பதினொன்றே கால். பரவையிலிருந்து உள்ளே இறங்கும் வாய்க்கால் ரோடு... ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கருவேலங்காடு. தெருவிளக்கு கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு பழைய பைக். அதன்மேல் வெங்கடேஷ்பாபு. நம் லட்சுமிநாராயணன் இருக்கிறானே, அவன் அக்கா வீட்டுக்காரர். விளாங்குடியில் வீடியோ மிக்சிங் கடை வைத்திருந்தார். இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். சிரிக்காதே முத்துப்பாண்டி, முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்.

அந்த நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன்.

டிவிடி பிளேயரில் பென்டிரைவ் சொருகிப் படம் பார்க்க ஜனம் பழகிக்கொண்டிருந்த காலம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று பீரோவில் கிடந்த கேசட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்தார்கள். ஐந்து மணி நேரப் படத்தைச் சுருக்கிப் பென்டிரைவுக்குள் அடைத்துக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் சோலையம்மாளும் வந்தார். கையில் ஓடி ஓடித் தேய்ந்த ஒரே ஒரு கேசட். மகள் தமிழ்ச்செல்வியின் சடங்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. சடங்கு முடிந்த நாலாம் மாதம் மூளைக்காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. பதின்மூன்று வயசு. அது நடந்து, சிரித்து, பேசுவது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

"எம்பிள்ள மொகம் மட்டும் கலங்காம வேணும் தம்பி" என்றார்.

வெங்கடேஷ்பாபு நல்ல மனுஷன். வினையே அதுதான். படத்தை ரொம்பச் சுருக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். உடையக் கூடாதென்றால் நீளத்தைக் குறைக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தி, தாய்மாமன் சீர்த்தட்டு வரிசை எல்லாம் பாதிக்குப் பாதி வெட்டினார். கடைசியில் வீடியோ விளக்கை அணைத்த பிறகும் கேமராக்காரன் நிறுத்த மறந்திருந்தான். வெறும் இருட்டு ஓடியது. அதையும் வெட்டினார். வேலை செய்யும்போது சத்தத்தை மூடிவைத்துவிடுவார். நாள் முழுக்க நாதஸ்வரமும் மேளமும் கேட்டால் மண்டை வெடிக்காதா? படத்தை மட்டும் பார்த்து வெட்டுவார். கேசட்டோ, கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்கும்போதே நாடா நைந்து துண்டு துண்டாகப் போயிற்று. பென்டிரைவைக் கொடுத்த அன்றே கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டார். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமே.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. "கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போங்க தம்பி." கடையைச் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டில் சோலையம்மாள் தனி. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்த அம்மா படத்தின் கடைசி இடத்தைப் போட்டார். பட்டுப்பாவாடையோடு பிள்ளை வாசலில் நிற்கிறது. மாமன் வீட்டுக்குக் கிளம்புகிறது. திரும்பிப் பார்த்து, "யம்மா, போயிட்டு..."

படம் நின்றது.

"வாரேன்னு சொல்லுவா தம்பி. வெளக்க அமத்துன பெறகு, இருட்டுல சொல்லுவா. அதக் காணோம்."

நம் ஊரில் எந்தப் பிள்ளையாவது 'போயிட்டு' என்று பாதியில் விட்டுவிட்டு வாசலைத் தாண்டுமா?

"தெனமும் சாயங்காலம் போடுவேன். வாரேன்னு சொல்லுவா... ராத்திரி வந்துருவா. கொலுசுச் சத்தம் கேக்கும். மருதாணி வாசம் அடிக்கும். எங்காலடியில படுத்துக்குவா. ஆறு வருசமா இப்படித்தான். இப்ப நாலு நாளா வரல." அந்த அம்மா அழக்கூட இல்லை. "அந்த மிச்சத்த மட்டும் குடுத்துருங்க தம்பி."

எதைக் கொடுப்பார்? "இல்லக்கா... எல்லாத்தையும் அழிச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

அப்படித் திரும்பி வந்த ரோடுதான் அது. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று நினைத்தார். அப்புறம் வாசம்... பச்சை மருதாணி. கருவேலங்காட்டில் மருதாணி ஏது? காதுக்குப் பக்கத்தில், மெதுவாக...

"வாரேன்."

பயத்தில் அவருக்கு வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில்தான் வாய் குழறியது. வேறு ஒருத்தன் என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். நானும் ஓடியிருப்பேன், பொய் சொல்வானேன். அவர் வண்டியைத் திருப்பினார். பெற்றவளிடமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று.

சோலையம்மாள் வாசலில் நின்றிருந்தார். இவரைப் பார்க்கவில்லை. இவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "வந்துட்டியாத்தா... எறங்கு சாமி, எறங்கு."

வண்டி அமுங்கியபடியே இருந்தது.

"எறங்குத்தா. அம்மாதான்டி..."

கொலுசு ஒரு தரம் சிணுங்கியது. இவர் முதுகுச் சட்டையை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது.

சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாட்டேங்குறா தம்பி. போயிட்டுன்னது எங்கிட்ட இருக்கு. வாரேன்னது ஒங்ககிட்டல்ல இருக்கு... கூட்டிட்டுப் போங்க. இருட்டுன்னா பயப்படுவா. லைட்ட அமத்திராதீங்க."

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அந்த அம்மா அழுத அழுகை வாய்க்கால் வரைக்கும் கேட்டதாம்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம். பட்டப்பகல், கடையில் நல்ல கூட்டம். சோலையம்மாள் ஒரு துணிப்பையோடு படியேறினார். உள்ளே பாவாடைத் துணி, தைக்காதது.

"இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கா தம்பி?"

வெங்கடேஷ்பாபு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் யாருமில்லாத இடத்தில் கையை நீட்டி, தன் தோள் மட்டத்தில் நிறுத்திக் காட்டினார்.

"போன மாசத்துக்கு ரெண்டு விரக்கடை கூடியிருக்காக்கா. கொஞ்சம் எறக்கமாவே தைங்க."