எங்கள் வாசலின் வரி மேப்பிள்

டாக்டர் சொன்னதிலிருந்து நான் உப்பைத் தொடுவதில்லை. தொழுவத்தில் பசுக்கள் நக்கும் உப்புக்கட்டி ஒன்று குறைவதைப் பற்றிக் கேட்கிறீர்கள், கான்ஸ்டபிள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெர்மான்ட்டின் இந்த மலைப்பக்கத்தில் பிக்ஸ்பி குடும்பம் என்றாலே எங்கள் வாசலில் நிற்கும் வரி மேப்பிள்தான். வாத்துப் பாதம் போல் இலை, பச்சைப் பட்டையில் வெள்ளை வரிகள். கொள்ளுத்தாத்தா நட்டது. மாவட்டத்திலேயே பெரியது என்று வேலியில் செப்புத் தகடு உண்டு. வெயிலில் வரிகள் மங்கும். வசந்தம்தோறும் சுண்ணாம்பு தொட்டுப் புதுப்பிப்போம். அப்பா அதைப் பராமரிப்பு என்பார்.

எதிர்வீட்டு ஹெஸ்டர் குட்னவ், முப்பது வருஷத்துக்கு முன் கணவர் இறந்த இலையுதிர்காலத்தில் அதே இனத்தை விதைத்தாள். ஹெம்லாக் மரங்களின் நிழலில், இலைமக்குப் போட்டு வளர்த்தாள். அது எங்கள் மரத்தின் உயரத்தை எட்டியது. போன வாரம் வேலியோரம் வந்தாள்.

"பிக்ஸ்பி ஐயா, உங்க மரத்து வரி வருஷா வருஷம் இடம் மாறுதே?"

"வளர்ற மரம் அப்படித்தாம்மா."

"திங்கக்கெழம வனத்துறைக்காரர் ரெண்டையும் அளக்க வர்றாரு. அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சனிக்கிழமை மாலை அவள் தேவாலயத்துப் பீன்ஸ் விருந்துக்குப் போயிருந்தாள். உப்புக்கட்டியை வெந்நீரில் கரைத்து, அவள் மரத்தின் அடியிலிருந்து கை எட்டும் உயரம்வரை பூசினேன். ஒரு கீறல்கூடப் போடவில்லை. மற்றதை மூஸ் மான் பார்த்துக்கொண்டது. அந்தப் பட்டை அதற்கு எப்போதுமே பிடிக்கும். வசந்தத்தில் உப்புக்கு அலையும். விடியும்போது குட்டியோடு வந்தது. ஜன்னலோரம் காபி குடித்தபடி பார்த்தேன். குட்டி போட்ட தாயை விரட்டுவது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

காலையில் பட்டை உரிந்த அடிமரம் எலும்பு போல் வெளுத்து நின்றது. ஹெஸ்டர் ஒரு துண்டுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழாமல் நின்றாள். மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினேன்.

திங்களன்று வனத்துறைக்காரர் எங்கள் மரத்தை அளக்கவே இல்லை. "ஐயா, இது மலை மேப்பிள். பூக்கொத்து நிமிர்ந்து நிக்குது பாருங்க. வரி மேப்பிள்னா தொங்கும்," என்றார். விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றினார்.

"மானுக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் ஹெஸ்டர். "உங்க மரத்த மோந்துகூடப் பாக்கல."

ஆம், நான்தான் செய்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு தலைமுறையாக எங்கள் கையாலேயே வரி போட்டுக்கொண்டு, அந்த மரம்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறது.